பழைய ரேடியோக் கருவிகளைக் கொண்டு ஒரு மின்சாரப் படகு

கனத்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக் குட்டைகள் இப்பொழுது அநேக இடங்களில் காணப்படுகின்றன. நீர் பூமிக்குள் இறங்கிப் போகாமல் நிற்பது பெரிய சௌகரியமே. ஆயினும் பாசி படிந்த விரிப்பின் மேல் கால் நிற்பதில்லை. நீந்தத் தெரிந்தவரும் பிடிப்பின்றிச் சறுக்கிக் கரையேற மாட்டாமல் மாண்டதுண்டு. இத்தகைய குட்டையில் மீன் வளர்ப்போர், ஜலத்தின் உவர்ப்பையும் காரத்தன்மையையும் சோதிக்க நடுவிலிருந்து மாதிரி எடுத்தல் வேண்டும். கரையோரத்து நீர் நடுநீரின் நிலையை உள்ளவாறு காட்டாது. இதற்கென ஆளை இறக்குவதை விடுத்து, ரேடியோவினால் செலுத்தப்படும் சிறு படகொன்றை யான் சென்ற சில மாதங்களாக உபயோகித்து வருகிறேன். புதிய சாமான்கள் வாங்கவில்லை. பரணில் கிடந்த மகனுடைய பழைய விளையாட்டுக் கருவிகளே போதியனவாயிருந்தன.

இது புது வித்தை அன்று. 1898-ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்பார் பாட்டரியால் ஓடும் படகொன்றைக் கம்பியின் தொடர்பின்றி நியூயார்க்கில் நடத்திக் காட்டினார்.

பெட்டியைத் திறந்தபோது கிடைத்தவை: 27 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், அதற்குரிய ரிஸீவர், ஸர்வோ இரண்டு, இரும்பு உறையுள்ள 540 ரக மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெஸிஸ்டர் தகடு, உப்புப் பூத்துப் போன பாட்டரிகள். இவற்றுள் பாட்டரிகள் மாத்திரமே எறியத் தக்கவை. டிரான்ஸ்மிட்டரிலும் ரிஸீவரிலும் உள்ள சிறு படிகங்கள் ஜோடியாயிருத்தல் வேண்டும். சாதாரண ரிஸீவர்களில் இரண்டிற்கும் 455 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் உண்டு. ஆகையால் ஒன்றை மற்றதன் இடத்தில் மாட்டலாகாது. என்னுடையது மஞ்சள் வர்ணம், அதாவது 27.145 மெகாஹெர்ட்ஸ். ஸர்வோக்களைப் பற்றிக் கவலை வேண்டா. ஒன்று முதல் இரண்டு மில்லிஸெகண்டு வரையுள்ள துடிப்பே அன்றும் இன்றும் அவற்றிற்குக் கட்டளை. பழையது கெட்டால் புதியதைப் பொருத்தலாம். ஆனால் சில பழைய பிளக்குகளில் கம்பிகளின் வரிசை வேறு. மூன்று கம்பிகளுள் எது பாட்டரியின் நேர்முனை, எது எதிர்முனை என்று மீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே செருகுக.

பாட்டரி விஷயத்தில்தான் பலர் இடறுகின்றனர். மருந்து தெளிப்பானில் உள்ள 12 வோல்ட் பாட்டரியைப் பார்த்ததும், அதையே வைத்தால் என்ன என்று தோன்றும். 7.2 வோல்ட்டுக்கென அமைந்த மோட்டார் அதனால் வெகு சீக்கிரத்தில் கருகும். இக்காலத்து லித்தியம் பாலிமர் பாட்டரி லேசானதுதான். எனினும் இரண்டு ஸெல் உள்ளது நிறைந்த நிலையில் 8.4 வோல்ட் காட்டும். பழைய ரிஸீவருக்கு வேண்டியதோ 4.8 வோல்ட்டே. மேலும் ஸெல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் லித்தியம் கெட்டுப் போம். அதைத் தடுத்து நிறுத்தும் அறிவு பழைய ரெஸிஸ்டர் தகட்டிற்கு இல்லை. பழைய நிக்கல் பாட்டரிக்கான சார்ஜரில் அதை ஏற்றுவது நெருப்புக்கு இடங்கொடுப்பதாகும்.

எலக்ட்ரானிக் தராசில் உள்ளது போன்ற 6 வோல்ட் ஈய பாட்டரியை யான் மோட்டாருக்கு வைத்தேன். அது கனமானது, ஆயினும் படகின் அடியில் கிடந்து நிலைநிறுத்துவதால் கனமும் உபகாரமே. ரிஸீவருக்கு 1.2 வோல்ட் நிக்கல் ஸெல் நான்கு தனியே. மோட்டாரின் பாட்டரி சோர்ந்தாலும் சுக்கான் கைவிடாது. தண்டில் கொடி சுற்றி மோட்டார் நின்றுவிட்டால் மின்னோட்டம் பன்மடங்கு ஏறுமாதலால், மோட்டார் வாகனத்தில் உள்ளது போன்ற 10 ஆம்பியர் பியூஸ் ஒன்று இடையில் அவசியம். ரெஸிஸ்டர் பாதி வேகத்தில் நன்றாய்ச் சுடும். 2.5 வோல்ட் அதில் இறங்க, 5 ஆம்பியர் ஓடினால், 12.5 வாட் சூடு. அதை அலுமினியத் தகட்டின் மேல் வைக்கவும். மிதவைக்கு வைத்த தெர்மோகோலுக்கு அருகில் வைத்தல் கூடாது.

முதல் நாள் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். கரையில் எல்லாம் ஒழுங்காய் அசைந்தது. நடுக்குட்டை சேர்ந்ததும் சுக்கான் நடுங்கியது. படகு வட்டமிடத் தொடங்கிற்று. கட்டளை கிடையாதபோது தானே நின்றுவிடும் ஏற்பாடு இப்பழைய ரிஸீவர்களில் இல்லை. பாட்டரி ஓயும் வரை அது சுற்றிக்கொண்டேயிருந்தது. பண்ணையில் வேலை செய்யும் பையன் சட்டையைக் கழற்றி, "ஐயா, நான் போய் எடுத்தாரேன்" என்றான். எதற்காகப் படகு செய்தோமோ அதுவே அவனை நீரில் இறக்கப் பார்த்தது! தடுத்து நிறுத்தினேன். மாலைக் காற்று படகைக் கரை சேர்க்கும் மட்டும் இருவரும் காத்திருந்தோம்.

குற்றம் மோட்டாரில் இருந்தது. அதன் கார்பன் பிரஷ்களில் எழும் தீப்பொறி ரிஸீவரைக் குழப்பிற்று. மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர் ஒன்றும், முனை ஒவ்வொன்றிலிருந்தும் இரும்பு உறைக்கு 0.047 வீதம் இரண்டும் பற்றவைத்தேன். ரிஸீவரை மோட்டாருக்குத் தூரமாய் முன்பக்கத்தில், ரப்பர் பலூனுக்குள் இட்டு வாயைக் கட்டி வைத்தேன். அதன் ஏரியல் கம்பியை வெட்டாமலும் சுருட்டாமலும் மூங்கிற் சிம்பின் மேல் உயர்த்தினேன். பின்னர் டிரான்ஸ்மிட்டரின் ஏரியலை மடக்கிவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, 30 தப்படி விலகிப் பார்த்தேன். சுக்கான் நடுங்கவில்லை. இச்சோதனையை ஒவ்வொரு தடவையும் செய்தல் நலம்.

இப்பொழுது கயிறின்றிப் படகை விடுவதில்லை. மெல்லிய மிதக்கும் நூற்கயிறு, குட்டையின் அகலத்திற்கு மேற்பட்ட நீளம். கனம் கட்டிய புட்டியொன்று பின்புறம் ஒன்றரை அடி ஆழத்தில் தொங்கும். கயிறு முதலில் அதன் தக்கையில் கட்டப்பட்டு, ஒரு முழம் தளர்ச்சி விட்டுப் படகின் மேல்வளையத்தில் முடியும். சற்றே சுண்டினால் தக்கை கழன்று புட்டி நிரம்பும். மேலும் இழுத்தால் படகு வரும். பின்னோக்கி ஓட்டலாகாது, ஓட்டினால் கயிறு தண்டில் சுற்றிக்கொள்ளும். இவ்வாறு எடுத்த நீர், கரைந்துள்ள பிராணவாயுவை அளக்க உதவாது; புட்டி நிறையும்போது காற்றுக் குமிழ்கள் கலந்துவிடுகின்றன.

வேலை முடிந்ததும் தண்டுக் குழாயில் கிரீஸ் நிரப்பி, மூடியைத் திறந்து நிழலில் உலர்த்தவும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஸெல்களைக் கழற்றித் தனியே வைக்கவும். என் பெட்டியில் உப்புப் பூத்தது அதைச் செய்யாததனாலேயே.