அடுப்படிச் சுவரில் ‘டொக்’ சத்தம்

ஒரு ரூபாய் நாணயம் போதும். அடுப்பு மேடைக்கு மேலே பதித்திருக்கும் டைல்ஸை அதைக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால், சுவர் தன் கதையைத் தானே சொல்லிவிடும். நன்றாக ஒட்டிய இடம் ‘டக்’கென்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே பொக்காக இருந்தால் காலிப் பானையைத் தட்டியதுபோல ‘டொக்’ என்னும். நடுவில் டக், நான்கு மூலையிலும் டொக் என்று வந்தால், அந்த டைலைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு சிமெண்ட் உருண்டைதான்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. மேடையைத் துடைக்கும் துணி ஏதோ ஒரு டைலின் விளிம்பில் மாட்டி நூல் பிரியும். பக்கத்து டைலைவிட அது துருத்திக்கொண்டிருக்கும். தாளிப்புத் தெறித்த எண்ணெயும் மஞ்சளும் இடுக்கில் ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாது. சிங்க் பக்கத்து இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கரப்பான் பூச்சி எங்கிருந்து வருகிறது என்று வீடு முழுக்கத் தேடுவார்கள்; அது குடியிருப்பது டைலுக்குப் பின்னால் உள்ள அந்தக் காலி இடத்தில்.

காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு நேர் எதிரே இருக்கும் முசிறி, 2021-இல் நகராட்சி ஆனது. அங்கே ஓட்டு வீடு மாடி வீடாக மாறும்போது முதலில் மாறுவது அடுப்படிதான். தரையில் உட்கார்ந்து விறகடுப்பு ஊதிய காலத்தில் சுவர் கரி பிடிக்கும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் தீர்ந்தது. நின்று சமைக்கும் மேடையும் கேஸ் அடுப்பும் வந்தபின், எண்ணெய் தெறிப்பது கண்ணுக்கு நேராக உள்ள சுவரில். அங்கே டைல்ஸ் ஏறியது.

அந்தச் சுவருக்கு வேண்டிய சிமெண்ட் திருச்சி மாவட்டத்துக்குப் புதிதல்ல. லால்குடி வட்டத்து டால்மியாபுரத்தில் 1939-லேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. சிமெண்டுக் கலவையில் கொத்தனார்களின் கை தலைமுறைகளாகப் பழகியது. கையில் குறை இல்லை, டைல்தான் மாறிவிட்டது.

பழைய பளபளப்புச் சுவர் டைலின் பின்பக்கம் மண்சட்டி மாதிரி. தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் பதிப்பதற்கு முன் அதை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, குமிழி வருவது நின்றபின் எடுத்தார்கள். ஊறாத டைல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகாமல் பொடியாகும். இப்போது குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வரும் விட்ரிஃபைடு டைல் குடிக்கும் தண்ணீர் அரை சதவீதம்கூடக் கிடையாது. கிட்டத்தட்ட கண்ணாடி. அதன் முதுகில் வெறும் சிமெண்ட் பாலைத் தடவி அழுத்தினால், சிமெண்ட் வேர் பிடிக்க ஒரு துளைகூடக் கிடைக்காது. அதற்கென்றே ஒட்டுப்பசை இருக்கிறது. எந்தப் பரப்புக்கு எந்த வகை என்பதைச் சொல்லும் இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது: ஐஎஸ் 15477. இருந்தும் கூலி சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. பசை மூட்டையின் விலையைக் கேட்டதும் வீட்டுக்காரரும் “சிமெண்டிலேயே ஒட்டிடுங்க” என்றுவிடுகிறார்.

ஒட்டாத டைல் உடனே விழுவதில்லை. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி, ஒரு நாள் பிடியை விடும். 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்து வெப்பநிலை 22 டிகிரி அளவுக்கு இறங்கியபோது, அரசு அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தரை டைல்ஸ் திடீரெனப் பெயர்ந்து எழும்பின. 40 டிகிரி வெயிலையும் அடுப்புச் சூட்டையும் சேர்த்துத் தாங்கும் திருச்சிப் பக்கத்துச் சமையலறைச் சுவருக்குச் சோதனை தினமும் உண்டு.

சரி, பெயர்த்துத்தான் ஆகவேண்டும் என்று ஆனபின், முதலில் எடுக்க வேண்டியது சுத்தியல் அல்ல. சிலிண்டரைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்; மிக்ஸி, கிரைண்டர் பிளக் பெட்டிகளிலிருந்து நேர் மேலாகவோ கீழாகவோ குழாய்க்குள் வயர் ஓடும், அந்தக் கோட்டில் உளி இறங்கக்கூடாது. சிங்க் ஓட்டையில் துணி அடைத்துவிட வேண்டும். கிரானைட் மேடைமேல் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பழைய கோரைப்பாய் ஒன்றை விரித்தால் விழும் சில்லு கல்லைக் கீறாது. முசிறியில் கோரைப்பாய்க்கா பஞ்சம்!

வேலை மேல் வரிசையின் திறந்த விளிம்பிலிருந்து தொடங்கும். இடுக்கில் உள்ள வொய்ட் சிமெண்டை முதலில் சுரண்டி எடுத்துவிட்டால் ஒரு டைலின் அதிர்வு அடுத்ததற்குப் போகாது. பிறகு தட்டை உளியைச் சுவரோடு படுக்க வைத்து, டைலுக்குப் பின்னால் மெல்லத் தட்ட வேண்டும். உளியை நிமிர்த்திக் குத்தினால் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து செங்கல் தெரிய ஆரம்பிக்கும். உடைந்த டைல் கண்ணாடியைப் போலவே வெட்டும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. கட்டிங் மெஷின் போட்டால் கிளம்பும் வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நாள்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கல்லாக்கும் துகள் அது. இந்த நுரையீரல் நோய்க்குப் பயந்துதான், சிலிக்கா நிறைந்த செயற்கைக் கல் மேடைகளையே 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா தடை செய்தது. வெட்டும் இடத்தில் தண்ணீர் தெளிப்பதும், கைக்குட்டைக்குப் பதிலாக என்-95 முகக்கவசம் கட்டுவதும் சித்தாளுக்கும் சேர்த்துத்தான்.

மோசமாகப் பதித்த டைலில் ஒரு வேடிக்கை உண்டு: அது உடையாமல் முழுசாகக் கழன்று வரும். திருப்பிப் பார்த்தால் முதுகு பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல் சுத்தமாக இருக்கும். சூளையில் ஒட்டாமலிருக்கத் தூவிய வெண்பொடிகூட அப்படியே விரலில் வரும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்திருந்தால் போயிருக்கும். சுவரில் இட்லி இட்லியாகச் சிமெண்ட் நிற்கும். அந்த இட்லிமேல் டைலின் முதுகுக் கோடுகள் அச்சுப்போலப் பதிந்திருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது.

அந்த உருண்டைகளைச் செதுக்கி எடுத்தபின் நாணயம் மறுபடி வேலைக்கு வர வேண்டும், இம்முறை பூச்சின்மேல். அதுவும் டொக் என்றால் அதையும் உதிர்த்து, சுவரைக் கொத்திவிட்டு, தண்ணீர் தெளித்துப் புதிதாகப் பூச வேண்டும். ஏழு நாளாவது தண்ணீர் காட்டி, முழுக்க உலரவிட வேண்டும். ரசமட்டம் வைத்து நூல் பிடித்தபின், பல் வைத்த கரண்டியால் பசையை வரி வரியாக இழுத்து, ஒரு டைலை ஒட்டி உடனே பெயர்த்துப் பார்க்கலாம். முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தால் மேலே தொடரலாம். மேடையும் சுவரும் சேரும் இடுக்கில் சிமெண்டுக்குப் பதில் சிலிகான். கல்லும் சுவரும் தனித்தனியாக அசையும், சிமெண்ட் அங்கே விரிசல் விடும்.

மிச்சம், ஏழெட்டு மூட்டைச் சில்லு. காவிரிக் கரையில் கொட்டிவிட்டு வருவது எளிது, சட்டத்துக்கு விரோதம். வெள்ளை டைலாக இருந்தால் மொட்டைமாடிக்கு ஏற்றலாம். உடைந்த வெள்ளைத் துண்டுகளைத் தளத்தில் நெருக்கிப் பதித்தால் வெயிலைத் திருப்பியடித்து, கீழே உள்ள அறையின் சூட்டைக் குறைக்கும். பழைய சுவர் டைலின் சில்லா, ஊறப்போட வாளி தயாராக இருக்கட்டும். விட்ரிஃபைடா, பசை மூட்டையும் சேர்ந்தே மாடி ஏற வேண்டும்.