அலுவலகப் பணியும் உற்பத்தித்திறனும்

வயலின் விளைவை அளந்தறிதல் எளிது. இத்தனை பரப்பு நிலத்தில் இத்தனை மூடை நெல் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நெசவுச்சாலையின் விளைவும் அவ்வாறே முழக்கோலுக்கு அடங்கும். ஆனால் ஓர் அலுவலகத்தின் விளைவு யாது? மேசைமீது உயர்ந்து நிற்கும் கோவைகளா? நாள்தோறும் வெளிச்செல்லும் கடிதங்களின் தொகையா? ஊழியர் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு வந்துபோகும் நேரமா? இவையெல்லாம் விளைவுக்குரிய கருவிகளும் அடையாளங்களுமே. ஓய்வூதியத்துக்கு உரியவர் அதனைப் பெறுதலும், பிறப்புச் சான்றிதழ் கேட்டுவந்த தாய் அதனைக் கையிற்கொண்டு வீடு திரும்புதலும், ஆசிரியர் ஒருவரின் சம்பள நிலுவை தீர்தலுமே அலுவலகத்தின் மெய்யான விளைவாகும். ஒல்லாந்தர் வாயிலாக நம் மொழியிற் புகுந்து மூத்தோர் நாவில் இன்றும் நிலவும் ‘கந்தோர்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் “நாளைக்கு வாருங்கள்” என்ற தொடரும் உடன் நினைவுக்கு வருமாயின், அவ்விளைவில் ஏதோ குறையுண்டு என்பது வெளிப்படை. அக்குறையைப் பெருஞ்செலவின்றிக் களையும் எளிய வழிகள் சிலவற்றை இக்கட்டுரை ஆராயும்.

உற்பத்தித்திறன் என்பது, செலவிட்ட உழைப்பு, காலம், பொருள் என்பவற்றுக்கு விளைவு எவ்விகிதத்தில் அமைகின்றது என்பதைக் குறிக்கும். கடுமையாக உழைத்தல் என்பதற்கு அது மறுபெயர் ஆகாது. நாள் முழுவதும் இளைப்பாறாது உழைத்தும் விளைவு சிறுத்திருத்தல் கூடும். உழைப்பைக் கூட்டாமலே விளைவைப் பெருக்குதலும் கூடும். இக்கருத்தை முறையாக ஆராய்ந்தோருள் முன்னோடியாக எண்ணப்படுபவர் அமெரிக்கப் பொறியியலாளராகிய பிரெடரிக் ரெயிலர். அவர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட விஞ்ஞான முகாமைத்துவம் பற்றிய நூலில், செங்கல் அடுக்கும் தொழிலிற் பிராங்க் கில்பிரெத் என்பார் செய்த சீர்திருத்தம் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு கல்லுக்கும் தொழிலாளர் குனிந்து நிமிர்வதைக் கண்ட கில்பிரெத், கல்லும் சாந்தும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்குமாறு சாரத்தைத் திருத்தியமைத்தார். ஒரு கல்லுக்கு 18 ஆக இருந்த அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணிக்கு 120 கல் அடுக்கியவர்கள் 350 கல் அடுக்கினர் என்று ரெயிலர் எழுதுகின்றார். இம்முறையை அலுவலகத்துக்குக் கொணர்ந்தவர் வில்லியம் லெபிங்வெல் என்பார். 1917 இல் வெளிவந்த அவரது நூல், தட்டச்சு செய்தல், தபால் பிரித்தல், மேசைகளை அமைத்தல் முதலியவற்றையும் அவ்வாறே அளந்து ஆராய்ந்தது.

ஆயினும் செங்கல்லுக்கும் கடிதத்துக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. கொத்தர் கையிற் செல்லும் காலமே செங்கல் அடுக்குதலிற் பெரும்பங்கு. அலுவலகக் கடிதமோ எழுதுவோர் கையில் இருப்பது சில நிமிடம். தட்டிலும் அலுமாரியிலும் கிடப்பது பல நாள். கால் மணி நேரத்தில் எழுதத்தக்க மறுமொழி ஒரு மாதம் கழித்து வருகின்றதெனின், கையின் வேகம் அதற்குக் காரணமன்று. ஆதலின் அலுவலகத்தைச் சீர்திருத்த விரும்புவோர், ‘யார் மெதுவாக எழுதுகின்றார்?’ என்று வினவுதலினும், ‘தாள் எங்கே நின்றுவிடுகின்றது?’ என்று வினவுதலே பொருத்தமாகும்.

இதனைக் கணக்கினால் தெளிவாக்கலாம். காத்திருக்கும் பொருள்களின் சராசரித் தொகை, நாளொன்றுக்கு வந்துசேரும் தொகையை ஒவ்வொன்றும் காத்திருக்கும் சராசரி நாள்களாற் பெருக்க வருவதாகும். இவ்விதியை அமெரிக்க அறிஞர் ஜோன் லிற்றில் 1961 ஆம் ஆண்டில் நிறுவினார். ஓர் அலுவலகப் பிரிவுக்கு நாளொன்றுக்கு 20 கடிதங்கள் வருகின்றன என்றும், 20 கடிதங்களுக்கு மறுமொழி செல்கின்றது என்றும், 300 கடிதங்கள் தேங்கிக் கிடக்கின்றன என்றும் கொள்வோம். 300 ஐ 20 ஆல் வகுக்க 15 வரும். எனவே ஒவ்வொரு கடிதமும் சராசரி 15 வேலைநாள் காத்திருக்கும். மற்றோர் அலுவலகத்திலும் அவ்வாறே 20 வந்து 20 செல்கின்றன; ஆனால் தேங்கியிருப்பவை 40 மாத்திரமே. அங்கே காத்திருப்பு 2 நாள். இரண்டு அலுவலகத்தாரும் நாள்தோறும் செய்யும் வேலை ஒன்றே. முன்னையதில் இருப்போர் சோம்பேறிகள் என்று எவரும் கூறமுடியாது. இருப்பினும் பொதுமக்களுக்கு ஓரிடத்தில் இரண்டு நாள், மற்றோரிடத்திற் பதினைந்து நாள். என்றோ ஒரு காலத்திற் சேர்ந்த பழைய குவியல் தீராமல் நிலைத்துவிட்டமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

இதிலிருந்து ஊக்கந்தரும் உண்மை ஒன்றும் பெறப்படும். முதலாம் அலுவலகத்தார் நாளொன்றுக்கு 20 க்குப் பதிலாக 22 கடிதங்களை முடிப்பாராயின், மிகையாகத் தேங்கிய 260 கடிதங்களும் 130 வேலைநாளில், அஃதாவது ஏறத்தாழ ஆறு மாதத்தில், தீர்ந்துவிடும். அதன்பின் முன்போல 20 கடிதங்களையே முடித்துவந்தாலும் காத்திருப்பு இரண்டு நாளாகவே நிற்கும். தெரிந்தவர் ஒருவரின் கோவையை மாத்திரம் மேலே எடுத்துவைத்தல் இப்பயனைத் தராது என்பதும் இக்கணக்கினாலேயே விளங்கும். அவர் முன்சென்ற அளவுக்கு, தெரிந்தவர் இல்லாத மற்றையோர் பின்தள்ளப்படுகின்றனர், குவியல் குறைவதில்லை.

நாளொன்றுக்கு இரண்டு கடிதம் மிகுதியாக முடிப்பதற்கு ஒவ்வோர் ஊழியரும் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தை மீட்டால் போதும். அந்நேரம் நான்கு வழிகளிற் கசிந்து போகின்றது.

முதலாவது, தேடுதல். கோவை எங்கே, முத்திரை எங்கே, சென்ற ஆண்டுச் சுற்றறிக்கை எங்கே என்று தேடுவதில் நாளின் ஒரு பகுதி கழிகின்றது. இதற்கு யப்பானியர் கண்ட மருந்தே ‘ஐந்து எஸ்’ என இன்று நம் நாட்டிற் பரவலாக வழங்கும் முறை. வேண்டாதவற்றைப் பிரித்து நீக்குதல், வேண்டியவற்றை உரிய இடத்தில் வைத்தல், தூய்மை செய்தல், இவற்றை ஒரு நியமமாக்குதல், அந்நியமத்தைப் பழக்கமாக்குதல் என்பன அதன் ஐந்து படிகள். கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை இம்முறையைக் கைக்கொண்டு பெரும்பெயர் பெற்றது. பின்னர் யப்பானியக் கூட்டுறவு நிறுவனமாகிய ஜெய்க்கா ஆபிரிக்க நாட்டு மருத்துவமனைகளுக்கு இதனைப் பயிற்றியபோது அதுவே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. ஆயின் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மதிப்பீட்டாளர் வரும் நாளை நோக்கி அலுமாரிதோறும் வண்ணச் சீட்டுகளை ஒட்டிவிட்டு, மறுமாதம் பழைய நிலைக்கு மீளுதல் ஐந்து எஸ் ஆகாது. கேட்ட கோவையை அந்தப் பிரிவைச் சாராத ஒருவரும் ஒரு நிமிடத்தில் எடுக்கமுடியுமா என்பதே அதற்குரிய சோதனை.

இரண்டாவது, இடையூறு. கணக்கொன்றைக் கூட்டிக்கொண்டிருப்பவரை ஒருவர் அழைக்கின்றார். விடையளித்து மீண்டும் கூட்டத் தொடங்குகையில் தொலைபேசி ஒலிக்கின்றது. இதனால் இழக்கும் நேரம் பேசிய நேரம் மாத்திரமன்று. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் குளோரியா மார்க் என்பவரும் உடனாய்வாளரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அலுவலகத்தார் ஒரு பணியில் ஏறத்தாழ 11 நிமிடம் நிலைத்திருப்பதற்குள் வேறொன்றுக்கு மாறுகின்றனர். இடையில் நின்ற பணிக்கு அன்றே மீள்வோருக்கும் சராசரி 25 நிமிடம் செல்கின்றது. இதற்குப் பரிகாரம் எளிது. முற்பகலில் ஒருவர் முறைவைத்து முன்மேசையில் இருந்து வருவோரையும் தொலைபேசியையும் கவனிக்க, ஏனையோர் இரண்டு மணி நேரமேனும் தடையின்றி எழுதலாம். அடுத்த நாள் அப்பொறுப்பு மற்றொருவருக்கு மாறும். வந்தவருக்கும் இதனால் நன்மையே. யாரிடம் பேசுவது என்று அறியாமல் மேசை மேசையாக அலையவேண்டியதில்லை. இன்று கைத்தொலைபேசிச் செய்திக் குழுக்களும் இடையூற்றின் பெருவாயிலாக உள்ளன. அவற்றைப் பார்ப்பதற்கு நாளில் மூன்று வேளை வகுத்துக்கொண்டால், அவசரமானவை தவறிப்போவது அரிது.

மூன்றாவது, திரும்பிவருதல். குறைபாடுள்ள விண்ணப்பம் ஒன்று இருமுறை, மும்முறை கையாளப்படுகின்றது. பெறும்போதே பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் குறை, பத்து நாள் கழிந்தபின் கடிதமாக வெளிச்சென்று, மற்றொரு பத்து நாளில் மறுமொழியாக வந்து, குவியலின் அடியிற் சேர்கின்றது. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ்வண்டியில் யாழ்ப்பாணம் வந்துசேரும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தேசிய அடையாள அட்டையின் பிரதி ஒன்று குறைந்தமையால் அவர் திரும்பிச் செல்வாராயின், அலுவலகம் இழப்பது சில நிமிடம். அவர் இழப்பது ஒரு முழு நாளும் பயணச் செலவும் நம்பிக்கையும். எவ்வெப் பத்திரங்கள் தேவை என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவான பெரிய எழுத்தில் எழுதி வாயிலில் வைத்தலும், விண்ணப்பத்தைப் பெறுபவர் அவ்வட்டவணையைக்கொண்டு அவ்விடத்திலேயே சரிபார்த்தலும், எப்போது வரவேண்டும் என்ற திகதியை எழுதிக்கொடுத்தலும் எவ்வித நிதி ஒதுக்கீட்டையும் வேண்டுவன அல்ல.

நான்காவது, ஒப்பத்துக்காகக் காத்தல். முன்னர் இலிகிதர் எனப்பட்டு இன்று முகாமைத்துவச் சேவை உத்தியோகத்தர் என வழங்கப்படுவோர் எழுதியதை ஒருவர் பார்த்து, அவருக்குமேல் ஒருவர் பார்த்து, இறுதியில் அலுவலகத் தலைவரின் மேசையை அது சேர்கின்றது. அவரோ கூட்டத்துக்குச் சென்றிருப்பார். பணத்தொடர்பான விடயங்களில் ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்த்தல் கணக்காய்வின் அடிப்படை. அதனைத் தளர்த்தல் ஆகாது. ஆனால் கடிதம் கிடைத்தது என்று அறிவிப்பதற்கும், கூட்டத் திகதியைத் தெரிவிப்பதற்கும் மூன்று ஒப்பங்கள் எதற்கு? தகுதியுடையாரை ஆராய்ந்து ஒரு பணியில் அமர்த்தியபின் அதனை அவரிடமே விட்டுவிடல் வேண்டும் என்பது திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரம் உணர்த்தும் கருத்துகளுள் ஒன்று. எவ்வகைக் கடிதத்தை யார் ஒப்பமிட்டு அனுப்பலாம் என்று ஒரு பக்க அட்டவணை வகுத்தல் தலைவரின் அதிகாரத்தைக் குறைக்காது. அவருடைய சிந்தனை தேவைப்படும் விடயங்களுக்கு அவரை விடுவிக்கும்.

இவற்றையெல்லாம் கேட்டு, ‘ஆளணி போதாது, மேலும் நால்வரைத் தந்தால் யாவும் சீராகும்’ என்பார் உளர். உண்மையாகவே ஆள் குறைந்த அலுவலகங்கள் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. எனினும் ஆளைக் கூட்டுதல் தானே பயன் தராது என்பதற்குப் பார்க்கின்சன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் 1955 இல் வெளியிட்ட கட்டுரை சான்று. பிரித்தானியக் கடற்படையின் சேவையிலிருந்த பெரும் போர்க்கப்பல்கள் 1914 இல் 62 ஆக இருந்து 1928 இல் 20 ஆகக் குறைந்தன. அதே காலத்திற் கடற்படைத் தலைமையக உத்தியோகத்தர் தொகையோ 2000 இலிருந்து 3569 ஆகப் பெருகியது. கிடைக்கும் நேரத்தை நிரப்புமாறு வேலை விரிந்துகொண்டே போகும் என்பது அவர் நகைச்சுவையோடு கூறிய விதி. புதியவர் நால்வர் வந்து தமக்குள்ளே கடிதம் எழுதிக்கொள்வாராயின் வாயிலில் நிற்பவருக்கு அதனாற் பயனில்லை.

கணினியும் அவ்வாறே. வழி சீரான அலுவலகத்துக்கு அது பேருதவி. பதிவேட்டில் எழுதியதையே கணினியிலும் பதிந்து, அதனை அச்சிட்டு, மீண்டும் கோவையிற் சேர்க்கும் அலுவலகத்திலோ அது மூன்றாவது வேலையாகின்றது. முதலில் வேண்டாத படிகளை நீக்குக. பின்னரே எஞ்சியதைக் கணினியில் ஏற்றுக.

இவ்வளவும் கூறியபின் மனிதரை மறந்துவிடலாகாது. சிக்காகோ நகருக்கு அண்மையிலுள்ள ஹோதோர்ண் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடைபெற்றன. வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்று அறியப் புகுந்தோர், வெளிச்சத்துக்கும் வேலைக்கும் தாம் எதிர்பார்த்த தொடர்பைக் காணவில்லை. தம்மை ஒருவர் கவனிக்கின்றார், தம் கருத்தைக் கேட்கின்றார் என்ற உணர்வே தொழிலாளரை ஊக்கியது என்று அக்காலத்தார் முடிவுசெய்தனர். அவ்வாய்வின் எண்களைப் பிற்காலத்தார் மீண்டும் ஆராய்ந்து ஐயமெழுப்பியுள்ளனராயினும், அலுவலகத்தில் இருந்தவர் எவரும் அதன் உட்கருத்தை எளிதில் ஒதுக்கமாட்டார். தாள் எங்கே நிற்கின்றது என்பதை நன்கறிந்தவர் அத்தாளை நாள்தோறும் கையாளும் இளநிலை உத்தியோகத்தரே. அவரைக் கேளாது மேலிருந்து வரும் சீர்திருத்தம் சுற்றறிக்கையோடு நின்றுவிடும்.

தொடங்கும் வழியும் எளிது. பத்துக் கோவைகளைத் தெரிந்து ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு சிறு தாளை இணைத்து, அது ஒவ்வொரு மேசைக்கும் வந்த திகதியையும் அங்கிருந்து சென்ற திகதியையும் குறித்துவருக; ஆட்களின் பெயர் வேண்டியதில்லை. அவை முடிவுற்றபின் அனைவரும் அத்தாள்களை ஒன்றாக இருந்து பார்த்தால், நாள்கள் எங்கே கழிந்தன என்பது தானே புலப்படும். குற்றஞ்சாட்டாது காரணத்தை நாடும் அந்த அரைமணி நேரக் கூட்டம், நீண்ட கருத்தரங்கினும் மிகுந்த பயன் தரும்.

இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவருட் பலர் நாளை ஏதேனும் ஓர் அலுவலக மேசையில் அமர்வர். அம்மேசையின் இப்பக்கத்துக்கு அவர்கள் வரும்வரை, அவர்களுடைய பெற்றோரும் அயலவரும் அப்பக்கத்திற் காத்து நிற்பவர்களே. தம் தட்டிற் கிடக்கும் ஒவ்வொரு தாளும் யாரோ ஒருவரின் காத்திருப்பு என்பதை அவர்கள் நினைவிற்கொண்டு, நாளுக்கு இரண்டு கடிதத்தை மிகுதியாக முடிப்பாராயின், “நாளைக்கு வாருங்கள்” என்று சொல்லவேண்டிய தேவை மெல்ல மெல்லக் குறைந்துவிடும்.