ஊருக்குப் புறப்படுமுன் கூலன்ட் மாற்றுங்கள்

கோடை விடுமுறைக்கு ரயிலில் இடம் கிடைக்காமல், காரிலேயே ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. டில்லியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,200 கி.மீ. வழியில் நாகபுரிப் பக்கம் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். டயரையும் பிரேக்கையும் சோதிக்கும் நாம், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை மறந்துவிடுகிறோம்.

"தண்ணீர் ஊற்றினால் போதாதா?" என்பார்கள். போதாது. ரயில்வேயில் டீசல் இன்ஜினுக்கே துருத்தடுப்பு ரசாயனம் கலந்த நீரைத்தான் ஊற்றுவோம். போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்தால் சூடு வெளியேறாது. எதிலீன் கிளைக்காலும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி கலந்தால், சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது. மைனஸ் 37 வரை உறையாது. ஆனால் அதிலுள்ள துருத்தடுப்பு நாளடைவில் தீர்ந்துவிடும். பழைய பச்சை வகையை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். புதிய வகைகள் 5 ஆண்டு வரைகூட உழைக்கும். நிறத்தை நம்பாதீர்கள், வண்டியோடு வந்த கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள்.

வேலையைக் காலையில், வண்டி முழுக்க ஆறிய பிறகு தொடங்குங்கள். ஆவி அடங்குமுன் குக்கரைத் திறப்போமா? ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். கொதிநீர் முகத்தில் பீறிடும். (சில வண்டிகளில் இம்மூடி பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும்.)

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுங்கள். மூடியைத் திறந்து, அடியில் அகலமான பேசின் வைத்து, வடிகால் திருகைத் தளர்த்துங்கள். வடிந்ததும் திருகை மூடி, டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுடும்வரை இன்ஜினை ஓட்டுங்கள். விசிறி தானாகச் சுழலும், கை ஜாக்கிரதை. ஆறவிட்டு வடியுங்கள். நீர் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

கழுவிய நீர் கொஞ்சம் உள்ளேயே தங்கும். ஆகவே மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால், முதலில் 2.5 லிட்டர் கலக்காத கூலன்ட்டை ஊற்றி, பிறகு டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். மூடியைத் திறந்தபடி சிறிது நேரம் ஓடவிட்டால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். அளவு இறங்கினால் நிரப்பி மூடுங்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். வடித்த கூலன்ட் இனிக்கும் விஷம். தெருநாய் நக்கினாலும், குழந்தை குடித்தாலும் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்து. சாக்கடையில் கொட்டாதீர்கள்; குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். இறுக்கமான கேனில் அடைத்து, "விஷம்" என்று எழுதி, பழைய கூலன்ட்டை வாங்கிக்கொள்ளும் பணிமனையில் கொடுங்கள். சிந்தியதை உடனே துடைத்து எடுங்கள். யாரேனும் குடித்துவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இதையெல்லாம் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். கசிவு ஏதும் இருந்தால் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். நடுவழியில் குடும்பத்தோடு வெயிலில் நிற்க வேண்டாம்.