சுருக்கிய நினைவகமும் சுழியத்தின் பொருளும்

வடசென்னையின் விம்கோ நகருக்குப் பெயர் தந்தது ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை. ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ என்பதன் முதலெழுத்துகளே விம்கோ. தீப்பெட்டியை எண்ணிக்கையாலும் அளக்கலாம், பருமனாலும் அளக்கலாம்: உள்ளே குச்சிகள் எத்தனை, பெட்டி அடைக்கும் இடம் எவ்வளவு. கணிப்பொறியின் கருநிரலில் (kernel) நினைவக வரம்புகளைத் திறனாய்வோர்க்கும் இவ்விரு அளவைகளும் தனித்தனியே தெரிய வேண்டும்.

நினைவகம் நிரம்பும்போது லினக்சு கருநிரல், நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை வட்டுக்கு அனுப்பும். ஒரு பக்கம் பெரும்பாலும் 4,096 பைட்டு. வட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. அப்பக்கங்களைச் சுருக்கி நினைவகத்துக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்தால் என்ன? நிரலாளர் நிதின் குப்தா இதற்கென எழுதிய நிரலே பின்னாளில் இசட்ராம் (zram) ஆயிற்று. 2010-இல் கருநிரலின் சோதனைப் பகுதியில் நுழைந்து, 2014-இல் 3.14 பதிப்பில் முழுநிலை பெற்றது. இடையே 2013-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4, 512 மெகாபைட்டு நினைவகமே கொண்ட எளிய கைப்பேசிகளுக்கும் இதைக் கொண்டு சேர்த்தது.

இசட்ராமின் ‘வட்டு அளவு’ என்னும் அமைப்பு சுருக்குமுன் உள்ள பக்கங்களை எண்ணுகிறது. அது குச்சிக் கணக்கு. ‘நினைவக வரம்பு’ என்பது சுருக்கியபின் உண்மையில் அடைபடும் இடத்தை அளக்கிறது. அது பெட்டிக் கணக்கு. பாதியாகச் சுருங்கும் என்ற எதிர்பார்ப்பில், வட்டு அளவை நினைவகத்தின் இருமடங்குக்கு மேல் வைப்பதில் பயனில்லை என்கிறது கருநிரலின் ஆவணம். ஆனால் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒளிப்படக் கோப்புகளும் மறையாக்கிய தரவுகளும் சுருங்க மறுப்பவை. அவை மிகுந்தால் ஒவ்வொரு பக்கமும் முழு இடம் கேட்கும். நினைவக வரம்போ தொடக்கத்தில் இடப்பட்டிருப்பதில்லை. நினைவகத்தைக் காக்க வந்த கருவியே அதை விழுங்கிவிடும் நிலை இங்கேதான் பிறக்கிறது.

2013-இல் 3.11 பதிப்பில் சேர்ந்த இசட்சுவாப் (zswap) வேறு வழியில் செல்கிறது. அது வட்டின் முன் நிற்கும் இடைக்கிடங்கு. இயல்பாக, மொத்த நினைவகத்தில் 20 விழுக்காடே அதன் எல்லை. நிரம்பியபின் ஒரு பக்கம் வெளியேறியதும் உடனே மற்றொரு பக்கத்தை ஏற்காமல், எல்லையின் 90 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை கதவைச் சாத்தியே வைக்கும். அந்த இடைவெளி இல்லையேல் கதவு திறப்பதும் மூடுவதுமாகவே பொழுது போய்விடும். சிறிய ஏற்பாடுதான், எனினும் பொறியியல் அறிவின் அழகை நான் இதில் காண்கிறேன்.

2022-இல் 5.19 பதிப்பு, செயல்குழு (cgroup) ஒவ்வொன்றுக்கும் தனி இசட்சுவாப் எல்லை வகுக்க இடமளித்தது. அங்கே சுழியம் இட்டால் ஒரு பக்கமும் உள்ளே செல்லாது. இசட்ராமின் நினைவக வரம்பில் அதே சுழியத்தை இட்டாலோ எல்லையே இல்லை என்று பொருள். ஒரே எண், ஒரே கருநிரல், நேரெதிரான இரு ஆணைகள்! திறனாய்வில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் பிழை இத்தகையதே. நிரல் பிழையின்றி ஓடும். பொருள் மட்டும் தலைகீழாகும்.

பழைய கணிப்பொறியை வைத்துக் கருநிரல் பயிலும் வடசென்னை இளைஞர்களே, புதிய அமைப்பு ஒன்றை எழுதும்போது அது எதை அளக்கிறது, அதில் சுழியம் எதைக் குறிக்கிறது என்ற இரண்டையும் ஆவணத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.