சுவர் இருந்தால்தான் சித்திரம்

பாறசாலையில் பேருந்து ஏறிக் களியக்காவிளை தாண்டித் தக்கலை போகிறவருக்கு மாநில எல்லை எங்கே வந்தது, எங்கே போனது என்று காதை வைத்துச் சொல்ல முடியாது. இரு பக்கமும் இரண்டு மொழியும் புழங்கும் ஊர்கள். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் நான்கு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தப் பாகப்பிரிவினையில் விநோதமாக அமைந்தது தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை. மண் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம்.

அங்குள்ள உப்பிரிக்கை மாளிகை 1750-ல் மார்த்தாண்ட வர்மா எழுப்பியது. அதன் மேல்நிலை அறை பத்மநாப சுவாமிக்கு உரியது. சுவரெல்லாம் ஓவியம். பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளைச் சுற்றி மற்றத் தெய்வங்கள். சிவப்பும் மஞ்சளும் இன்றும் கனல்கின்றன.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால், ஏறத்தாழ 1604-ல், ரோமில் அன்னிபாலே கராச்சி ஒரு மாளிகையின் சிற்றாலயத்துக்காக எண்ணெய் வண்ணத்தில் ஒரு நிலக்காட்சி வரைந்தார். மாதாவும் குழந்தை இயேசுவும் சூசையப்பரும் எகிப்துக்குத் தப்பிப் போகிறார்கள். பரோக் காலத்தின் புதுமை அதில் தெரிகிறது: ஆறும் மலையும் மரமும் படத்தை நிறைக்க, திருக்குடும்பம் அதனுள் சிறுத்து நடக்கிறது. இயற்கையே பக்தியின் களமாகிவிட்டது.

அந்த நூற்றாண்டின் நிலக்காட்சிகள் பலவற்றில் மரங்கள் இன்று பழுப்பாக இருக்கின்றன. ஓவியர் பழுப்பாக வரையவில்லை. செம்புப் பாத்திரத்தில் புளிப்பு நின்றால் பச்சைக் களிம்பு ஏறுமே, அந்த வகைப் பச்சையைத்தான் எண்ணெயிலும் பிசினிலும் குழைத்து இலைகளுக்குப் பூசினார்கள். வெளிச்சத்திலும் காற்றிலும் அது மெல்லப் பழுப்பாகும். மேலே பூசிய வார்னிஷும் மஞ்சளாகும். டச்சு ஓவியங்கள் சிலவற்றில் இலைகள் நீலமாகவே நிற்கின்றன. நீலத்தோடு செடியிலிருந்து எடுத்த மஞ்சளைச் சேர்த்துப் பச்சை ஆக்கியிருந்தார்கள். மஞ்சள் வெளிறிப்போனது, நீலம் தங்கிவிட்டது.

நம் சுவரோவியப் பச்சையும் மரபில் அதே கணக்குத்தான். அவுரி நீலம், அதனோடு எரவிக்கரை மரத்தின் மஞ்சள் பிசின். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்க்காரர்கள், ஒரே கலவை, ஒரே ஆபத்து! கருவறைச் சுவரிலும் உப்பிரிக்கையின் மேல்நிலை போன்ற இருண்ட அறையிலும் வெளிச்சம் குறைவு என்பது அந்தப் பச்சைக்கு வாய்த்த காப்பு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அந்தப் பயம் இல்லை. அவை செம்புரைக்கல்லும் காவி மண்ணும். அதாவது ஏற்கெனவே துருவாகிவிட்ட இரும்பு. துரு மேலும் துருப்பிடிப்பதில்லை.

ஆனால் சுவரை வைத்துத்தானே சித்திரம் எழுத முடியும்? பழமொழி வாழ்க்கைக்குச் சொன்னது. வேதியியலுக்கும் அப்படியே பொருந்துகிறது. எண்ணெய் ஓவியத்தின் சுவர் துணி. அந்தத் துணிக்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை பூசியிருப்பார்கள். ஈரக்காற்றில் பசை உப்பும், வறட்சியில் சுருங்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகிப் போன படலம், வளைந்து கொடுக்காது. விரிசல் விழும், செதில் உதிரும். இடவப்பாதி மழையில் துணியே பூஞ்சை பிடிக்கும் இந்தக் கரையில் அப்படிப்பட்ட ஓவியம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஆதம் எல்ஸ்ஹைமர் என்ற ஜெர்மானியர் இதே எகிப்துப் பயணத்தை 1609-ல் துணிக்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் வரைந்தார். 31 சென்டிமீட்டருக்கு 41, அவ்வளவுதான். அதற்குள் நிலா, தண்ணீரில் அதன் நிழல், சூசையப்பர் கையில் பந்தம், இடையர்கள் மூட்டிய தீ, மேலே பால்வீதி. செம்பு ஈரத்தைக் குடிப்பதில்லை; அந்த நுண்புள்ளி விண்மீன்கள் இன்றும் மியூனிக்கில் மின்னுகின்றன.

நம்மவர்கள் கண்டது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய்ச் சாற்றில் குழைத்து முதல் பூச்சு. விரிசலைப் பிடித்து நிறுத்தப் பஞ்சு சேர்த்து இரண்டாவது. கடைசியில் இளநீரில் கரைத்த சுண்ணாம்பை இருபது முப்பது முறை மெல்லிசாகப் பூசுவார்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது; சூளையில் இழந்ததைத் திரும்பப் பெறுகிறது. ஐரோப்பாவின் ஃப்ரெஸ்கோவில் ஈரச் சுவரில் வண்ணம் போட்டுக் கல்லோடு கல்லாகப் பிணைப்பார்கள். இங்கே உலர்ந்த சுவரில், வேப்பம்பிசின் கலந்த வண்ணம். பிடிப்பு சற்றுக் குறைவு. ஆனால் அவசரம் இல்லாததால் கிரீடத்தின் ஒவ்வொரு மணியையும் நிதானமாக இழைக்க முடிந்தது. வெள்ளைக்கு அனேகமாக வண்ணமே கிடையாது, சுவரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். உள்ளே ஏறிய ஈரம் வெளியே போக வழி வேண்டும். புதுப்பிக்கிறோம் என்று பழைய கோயிலிலும் தேவாலயத்திலும் எனாமல் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வழியடைபட்ட ஈரம் உப்பைச் சுமந்து வந்து, படலத்துக்கு அடியில் சுவரையே பொரித்துத் தள்ளிவிடும்.

உப்பிரிக்கையின் அந்த மேல்நிலை பொதுப் பார்வைக்கு இல்லை. ஆள் கூட்டத்தின் மூச்சே ஒரு மழைக்காலம்தான். பெருமாள் முன்னால் இரண்டு தூக்கு விளக்குகள் அணையாமல் எரிந்துவந்ததாகச் சொல்வார்கள். எண்ணெய் விளக்கின் புகையைப் பிடித்துத்தான் சுவரோவியத்தின் கறுப்பையே செய்தார்கள். அந்த விளக்குகளின் கரியும் வெகு மெல்லிய படலமாக அதே சுவரில்தான் போய்ப் படிந்திருக்கும்.