அலசக் கூடாத சோப்பு

எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டையை சோப்புத்தூளில் ஊறவைத்து, கசக்கி, நாலு தண்ணீர் அலசிப் போடுகிறோம். பிசுக்கும் போக வேண்டும், சோப்பும் போக வேண்டும். செல்லின் சவ்வில் இருக்கும் புரதங்களைப் பிரித்துப் பார்க்க, ஆய்வுக்கூடத்திலும் இதே ஜாதிச் சரக்கைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே நமக்கு வேண்டியது சட்டையல்ல, பிசுக்கு.

முதலில் சவ்வைப் பார்ப்போம். செல்லைச் சுற்றி, சுமார் 5 நானோமீட்டர் தடிமனில், கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரைக் கண்டால் விலகும் வால் இரண்டு. தலைகள் வெளிப்பக்கம், வால்கள் உள்பக்கம். இந்த எண்ணெய்ப் பகுதியை ஊடுருவிக் கிடப்பவைதான் சவ்வுப் புரதங்கள். உப்பளத்து நுண்ணுயிரி ஒன்றில் இருக்கும் பாக்டீரியோரொடாப்சின் என்ற புரதம் சவ்வை ஏழு முறை கடந்து போகிறது. சவ்வுக்குள் இருக்கும் அதன் இடுப்புப் பகுதி எண்ணெய்த்தன்மை கொண்டது. அதை அப்படியே தண்ணீரில் விட்டால், பக்கத்துப் புரதத்தோடு ஒட்டிக் கட்டிதட்டிவிடும்.

கட்டிதட்டினால் ஜெல்லுக்குள் நுழையாது. ஜெல் என்பது நுண்ணிய துளைகள் நிறைந்த பாலிஅக்ரிலமைட் பலகை. மின்சாரம் செலுத்தினால் சிறிய புரதங்கள் விரைந்தோடும், பெரியவை பின்தங்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தால்தான் இந்த ஓட்டப்பந்தயம் நடக்கும்.

இங்கேதான் டிடர்ஜென்ட் வருகிறது. அதற்கும் தலையும் வாலும் உண்டு. வால் பெரும்பாலும் ஒன்றுதான். கொஞ்சமாகப் போட்டால் மூலக்கூறுகள் தனித்தனியே அலையும். ஒரு வரம்பைத் தாண்டினால் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு சிறு உருண்டைகளாகக் கூடும். அந்த உருண்டைக்கு மைசெல் என்று பெயர். எஸ்.டி.எஸ் என்ற டிடர்ஜென்டுக்கு வெறும் தண்ணீரில் இந்த வரம்பு லிட்டருக்கு இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஷாம்பூ பாட்டிலின் பின்புறம் சோடியம் லாரில் சல்ஃபேட் என்று அச்சிட்டிருக்கிறதே, அதேதான். டிரைட்டான் எக்ஸ்-100க்கு இதில் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம்.

சவ்வுக்குள் டிடர்ஜென்ட் புகப் புக, சவ்வு சிதறிவிடுகிறது. பால்போல் கலங்கிய திரவம் தெளிகிறது. பலரும் தடுமாறும் இடம் இதுதான்: ‘சவ்வு கரைந்தது, புரதம் வெளியே வந்தது, இனி டிடர்ஜென்ட் எதற்கு, அலசிவிடலாமே!’ துவைத்துப் பழகிய கை அப்படித்தான் யோசிக்கும். நடந்தது வேறு. புரதத்தின் இடுப்பைச் சுற்றி நின்ற கொழுப்புகளுக்குப் பதிலாக டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் வளையமாக வந்து நிற்கின்றன. அந்த இடுப்பு ஒரு கணமும் வெறும் தண்ணீரைத் தொடவில்லை. அந்த வளையமும் நிலையானதல்ல. மூலக்கூறுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். சுற்றியுள்ள திரவத்தில் டிடர்ஜென்ட் இல்லையென்றால் போவது மட்டுமே நடக்கும். வளையம் தேய்ந்து, புரதம் மறுபடி கட்டிதட்டும். அதனால்தான், கரைத்த பிறகு பயன்படுத்தும் ஒவ்வொரு திரவத்திலும் அந்த வரம்புக்கு மேல் டிடர்ஜென்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

தெளிந்துவிட்டது என்பதை வைத்தும் முடிவுகட்ட முடியாது. புவியீர்ப்பைப்போல ஒரு லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுழற்றி, அடியில் படியாமல் மேல்திரவத்தில் நிற்பதைத்தான் ‘கரைந்தது’ என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

எந்த டிடர்ஜென்ட் என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. புரதத்தின் எடை மட்டும் தெரிந்தால் போதுமென்றால் எஸ்.டி.எஸ். 1970இல் லாம்லி வெளியிட்ட எஸ்.டி.எஸ் ஜெல் முறை இன்றும் உலகமெங்கும் ஓடுகிறது. எஸ்.டி.எஸ் புரதத்தின் மடிப்பையே குலைத்து, ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 1.4 கிராம் வீதம் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலான புரதங்களுக்கு எடைக்கேற்ற எதிர்மின்னூட்டம் தந்துவிடும். வழக்கமாக 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்குவார்கள். சவ்வுப் புரதத்துக்குப் பல நேரம் அது வினை. கொதித்ததும் திரண்டு, ஜெல்லின் தலைமாட்டிலேயே தங்கிவிடும். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஒழுங்காக ஓடும். எடையும் ஏமாற்றும்: ஈ. கோலை பாக்டீரியாவின் லாக்டோஸ் கடத்திப் புரதம் கணக்குப்படி சுமார் 46 ஆயிரம் டால்டன், ஜெல்லிலோ 33 ஆயிரத்துக்குப் பக்கத்தில் தெரியும். சவ்வுப் புரதம் மற்றப் புரதங்களைப்போல எஸ்.டி.எஸ்ஸை ஏற்றுக்கொள்வதில்லை.

புரதங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கூடியிருந்தன என்று தெரிய வேண்டுமானால் எஸ்.டி.எஸ் உதவாது, மென்மையான சரக்கு வேண்டும். அதற்கான நீல ஜெல் முறையை 1991இல் ஷேகரும் ஃபான் யாகோவும் வெளியிட்டார்கள். அதில் கூமாசி நீலச் சாயம் புரதத்தின் மேல் ஒட்டி, மடிப்பைக் கலைக்காமல் மின்னூட்டம் மட்டும் தருகிறது. செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை டோடெசில் மால்டோசைடு என்ற மென்மையான டிடர்ஜென்டில் கரைத்தால், மூச்சுச் சங்கிலியின் ஒன்றாம், மூன்றாம், நான்காம் கூட்டுப்புரதங்கள் பெரும்பாலும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து எடுக்கும் டிஜிட்டோனினில் கரைத்தால், மூன்றும் சேர்ந்த பெரும்பட்டைகள் ஜெல்லின் மேற்பகுதியில் நிற்கும். 2000இல் ஷேகரும் ஃபைஃபரும் இதைக் காட்டியபோது, டிஜிட்டோனின்தான் அவற்றை ஒட்டவைத்ததோ என்ற சந்தேகமும் எழுந்தது. நியாயமான சந்தேகம்தான். இத்தகைய கேள்விக்கு விடை தேட இறங்குபவர்கள் ஒரே மைட்டோகாண்ட்ரியாவை இரண்டு டிடர்ஜென்டிலும், வெவ்வேறு அளவுகளிலும் கரைத்து, அடுத்தடுத்த தடங்களில் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.