உங்களுக்குத் தெரியுமா? பேச்சுவழக்கில் பிறந்த சிரிப்பு

இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத் தொடருக்குப் பேச்சுவழக்கே உயிர். மரிக்காராக எஸ். ராம்தாஸ் முஸ்லிம் தமிழும், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழும், உபாலியாக எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழும், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழும் பேசினார்கள். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்தது.

மறு ஆண்டே பிரித்தானியத் தொலைக்காட்சியில் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டவர்களின் உச்சரிப்புத் தடுமாற்றம்தான் அதன் கரு. உலகெங்கும் ரசிகர்கள் இருந்தும், இனங்களைக் கேலிசெய்கிறது என்ற கண்டனத்தால் 1979இல் நிறுத்தப்பட்டது. 1986இல் சிலகாலம் மீண்டும் வந்தது. அந்த வகுப்பறையில் ‘சரியான’ ஆங்கிலம் ஒன்றே, மற்றதெல்லாம் பிழை. கோமாளிகளிடம் அப்படியொரு ‘சரியான’ தமிழே கிடையாது. இரண்டுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு இதுதான்.

தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இத்தகைய பல குரல்கள் புதிதல்ல. ஆரையம்பதியைத் தாண்டினால் காத்தான்குடி. பேச்சின் இழுவையும் மாறிவிடும். ஆனால் அந்த நான்கு பாத்திரங்களில் மட்டக்களப்பார் எவரும் இல்லை. இத்தனைக்கும் ‘பிறகு’ என்பதை ‘மறுகா’ என்றும், ‘என்ன’ என்பதை ‘என்னகா’ என்றும் சொல்லும் வழக்கு இம்மண்ணுக்கே உரியது.